வாய் வரையாத குட்டி

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, ரோட்டின் இரண்டு பக்கமும் தேங்காய்ப் பருப்பு வெயிலில் காய்கிற களங்களாகவே இருக்கிற எங்கள் ஊரில், வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்க்காமல் யாரும் காலைக் காப்பியை வாயில் வைப்பதில்லை, ஏனென்றால் ஒரு தூறல் போதும், பாதி காய்ந்த பருப்பு பூசணம் பிடித்துக் கறுத்துப் போக; அப்படிப்பட்ட ஊருக்குத்தான் சென்னியப்பன் பெங்களூரு வேலையை உதறிவிட்டு வந்து, எண்ணெய்க் கடைக்கு மேலே ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, மழையை முன்கூட்டிச் சொல்கிற ஒரு மென்பொருளைச் செய்தான். மேற்கே ஒரு களத்தில் தூறல் விழுந்தால் அங்கே இருப்பவர் போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அது காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்குப் பண்ணி, கிழக்கே இருக்கிற களத்துக்காரர்களின் போன்களையெல்லாம் கத்த வைக்கும், அவர்கள் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அதை எழுதி முடிக்கக்கூட அதிக நாள் ஆகவில்லை, பேர் வைக்கத்தான் ஒரு மாசி மாதம் முழுக்கப் போனது.

உலகத்தில் பேர் எடுத்த மென்பொருள் எதை எடுத்துக்கொண்டாலும் வாயில் சுலபமாக நுழைகிற ஒரு பேரும், பார்த்தவுடன் தூக்கிக் கொஞ்சத் தோன்றுகிற ஒரு பிராணியும் அதற்கு இருக்கும் என்பது சென்னியப்பனின் கட்சி. பேர் யோசிக்க உட்கார்ந்தோம். மென்பொருளுக்குக் கோடு எழுதுகிற பையன்கள் இரண்டு பேர், படம் வரைகிற இளவேனில், களத்துக்காரர்களின் போனுக்கெல்லாம் பதில் சொல்கிற நான், கூடவே எங்களுக்கு முறுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்துவிட்ட சென்னியப்பனின் அப்பா.

"அண்ணமார் சாமி பேரை வெச்சுருங்கப்பா, ஒரு கொறையும் வராது" என்றார் அப்பா.

"ஏனுங்கய்யா, சாமி பேரை வெச்சுட்டா, அது நடுவுல நின்னு போறப்ப எப்படிங்க வையறது?" என்றான் கோடு எழுதுகிறவர்களில் மூத்தவன்.

அவன் சொன்னதில் தப்பே இல்லை. மென்பொருளாகப் பிறந்தது எதுவானாலும் அதன் ஆயுளில் பாதி திட்டு வாங்குவதிலேயே கழியும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். சரி, அம்மா பேரை வைக்கலாமா என்றால், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறவள் தன் மனைவி, மாமியார் பேரை அவள் வாயால் சொல்ல மாட்டாள், சொல்லாமல் அவள் எப்படிப் பிழை கண்டுபிடிப்பாள் என்று சென்னியப்பனே தள்ளிவிட்டான். தாத்தா பேர் வேண்டாம், ஊர்ப் பேர் வேண்டாம், ஆற்றின் பேர் வேண்டவே வேண்டாம். திட்டினால் யார் மனசும் நோகாத பேராக ஒன்று வேண்டும் என்று தேடித் தேடி, கடைசியில் இங்கிலீஷில் போய் விழுந்தோம். ட்ரைகிளவுட் என்று பேர் வைத்தோம், அன்று முதல் இன்று வரை எந்தக் களத்திலும் ஒருத்தர் வாயிலும் அந்தப் பேர் வந்ததில்லை, "அந்த மழை சொல்றது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிராணி விஷயத்தில் சண்டையே வரவில்லை. எருமை மழையில் சுகமாக நிற்கும், மாடு நிற்கலாமா போகலாமா என்று யோசிக்கும், முதல் சொட்டுக்கே கூரையைத் தேடி ஓடுவது ஆடு ஒன்றுதான், அதனால் ஆட்டுக்குட்டி என்று முடிவானது. இளவேனில் எங்கள் ஊர் டீச்சர் மகள், வடக்கே போய் டிசைன் படித்துவிட்டு வந்தவள். அவள் வரைந்த குட்டி வெளிர் நீலம். காது இரண்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு, கால்கள் நாலும் முளைக்குச்சி மாதிரி நேராக, வால் ஒரு பொட்டு, மூக்கு இரண்டு புள்ளி, வலது பக்கம் சாய்வாக ஒரு நிழல். பார்த்ததும் எனக்குக் கை நீண்டது, அப்படி ஒரு அழகு.

"ஏம்மா, வாயைக் காணோம்?" என்று கேட்டேன்.

"வேணும்னுதான் விட்டேங்க்கா. வாய் வெச்சா அது சிரிக்குதா அழுகுதான்னு நாமளே முடிவு பண்ணிடறோம். இல்லீன்னா பாக்கறவங்க மனசுல என்ன இருக்குதோ, அது குட்டி மூஞ்சியில தெரியும்."

சென்னையில் அவளை மாதிரிப் படம் வரைகிறவர்கள் கூடுகிற இடத்துக்கு அந்தக் குட்டியை அனுப்பிக் காட்டினாள், வாய் வைக்காமல் விட்டதுதான் சிறப்பு என்று பெரிய கைகளெல்லாம் எழுதியிருந்தார்கள், அதை அவள் எங்களுக்கு வாசித்துக் காட்டிய சந்தோஷத்தைப் பார்த்து நானும் என் வாயை மூடிக்கொண்டேன். ஸ்டிக்கர் அடித்தோம். தேங்காய் உடைக்கிற பெண்கள் சோறு கொண்டுவருகிற தூக்குப்போசியில் குட்டி ஏறியது, வண்டிகளில் ஏறியது, பருப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரிகளின் கதவில் ஏறியது. ரோட்டைப் பார்த்த பெரிய சுவர் சென்னியப்பனின் தாய்மாமன் பொன்னுச்சாமியின் களத்துச் சுவர், ஊரிலேயே பெரிய களமும் அவருடையதுதான், மருமகன் கேட்டான் என்று அவர் சுவரைக் கொடுக்க, குட்டி அங்கே ஆள் உயரத்துக்கு மேலே நின்றது, பஸ்காரர்கள் அந்த நிறுத்தத்தை ஆட்டுக்குட்டிச் சுவர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் எங்கள் மென்பொருள் மானத்தை வாங்கியது. பொன்னுச்சாமி களத்துக்கு மேற்கே இருக்கிற களத்துக்காரர் கெடாவெட்டுக்குப் போயிருந்தார், போன் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தது, தூறல் விழுந்ததைப் பொத்தான் அமுக்கிச் சொல்ல ஆள் இல்லை. மழை நேரே வந்து பொன்னுச்சாமியின் களத்தில் விரித்திருந்த பருப்பு மொத்தத்தையும் நனைத்துவிட்டுப் போனது. அவர் மாடிப்படி ஏறி வந்து, தாய்மாமன் என்கிற உரிமையில் என்னென்ன சொல்லலாமோ அத்தனையும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சாமி பேரை வைக்காததற்கு அன்று நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

மறுநாள் காலையில் எண்ணெய்க் கடை வாசலில் அந்தக் குட்டி நின்றது.

நீலமாக நின்றது. காது பெரிசு, கால் முளைக்குச்சி, வால் பொட்டு, வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும் நிழல் வலது பக்கம்தான் சாய்ந்து விழுந்தது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இது யார் பட்டிக்குட்டி, தப்பி வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார்கள், கடைக்காரர் சாயமாக இருக்கும் என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார், நீலம் போகவில்லை, பிறகு எங்கள் கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, உங்களுதுதான், மாடிக்கு ஏத்திக்குங்க, கடைக்கு வர்றவங்க கால்ல மிதிபட்டுரும்" என்றார். குட்டி அதற்குள் இளவேனிலின் செருப்புச் சத்தத்தைக் கேட்டு அவள் பின்னாலேயே படியேறிப் போய்விட்டிருந்தது.

பொன்னுச்சாமி களத்தில் தேங்காய் உடைக்கிற நாச்சாத்தாள்தான் ஒரு கொத்துக் கிளுவை இலையை ஒடித்துக் கொண்டுவந்தாள். வேலியில் கிளுவை இருந்தால் எந்தக் குட்டியும் தாயை மறந்துவிடும். இதுவும் ஆசையாக ஓடிவந்தது, இரண்டு புள்ளி மூக்கால் மோந்தது, மொழுமொழுவென்று ஒன்றுமே இல்லாத மூஞ்சியை இலையின் மேல் வைத்துத் தேய்த்தது, இந்தப் பக்கம் தேய்த்தது, அந்தப் பக்கம் தேய்த்தது, பிறகு அண்ணாந்து இளவேனிலைப் பார்த்தது. ஆடு மாடுகளைப் பார்த்து இரக்கப்படும்போது ஊரில் வழக்கமாகச் சொல்கிற அந்த ஒரு வார்த்தையை அன்று யாருமே சொல்லவில்லை. இளவேனில் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

கால்நடை டாக்டர் வந்தார், ஊசி வழியாகவாவது எதையாவது ஏற்றலாம் என்று நரம்பைத் தேடினார், காதில் தேடினார், காலில் தேடினார், "நரம்பும் வரையலையாட்ட இருக்குதுங்க" என்று இளவேனிலிடம் கோபமில்லாமல் சொல்லிவிட்டு ஊசியைப் பையில் வைத்துக்கொண்டார். குட்டி மெலியவில்லை. வெயிலில் கிடக்கிற ஸ்டிக்கர் வெளுக்கிற மாதிரி வெளுத்தது. காது நுனியில் ஆரம்பித்து, முதுகுக்கு வந்து, பார்க்கப் பார்க்க நீலம் போய்க்கொண்டே இருந்தது, முழுக்க வெளுத்தால் என்ன ஆகும் என்று கேட்கிற தைரியம் எங்களில் ஒருத்தருக்கும் இல்லை.

வரைந்தவள் வாயை வரைந்துவிட வேண்டியதுதானே என்று ஊரே சொன்னது. இளவேனில் படத்தைத் திறந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் நேராக ஒரு கோடு போட்டாள், அந்தப் படம் எல்லார் போனுக்கும் போனது. குட்டியின் மூஞ்சியில் பென்சிலால் இழுத்த மாதிரி மங்கலாக ஒரு கோடு தெரிந்தது, அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் நாச்சாத்தாள் தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தவள், அதிலிருந்த ஸ்டிக்கர் குட்டியைப் பார்த்து மனசு கேட்காமல், நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு அதற்கு ஒரு வாய் வைத்தாள். மாடியில் இருந்த குட்டியின் கோடு எங்கள் கண்ணெதிரே ஒரு இம்மி ஆழமானது.

அதற்குப் பிறகு ஊரைப் பிடிக்க முடியவில்லை. குட்டி எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கங்கே வாய் வேண்டும் என்று தெரிந்துபோனது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவோடு வந்தார்கள், களத்துக் கணக்குப்பிள்ளைகள் பால்பாயின்டால் வைத்தார்கள், சலூன்காரர் வாயோடு சேர்த்து ஒரு மீசையும் வைத்தார், டெய்லர் கடைப் பெண் லிப்ஸ்டிக்கில் வைத்தாள், ஒருத்தர் பல் வைத்தார், ஒருத்தர் வெற்றிலை போட்ட வாயாக வைத்தார், பருப்பு ஏற்றிக்கொண்டு நாக்பூர் தாண்டிவிட்ட லாரிக்காரர் ஒருவரைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னபோது, அவர் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை ஓரம் கட்டி, கிரீஸில் விரலை முக்கிக் காது வரைக்கும் இழுத்துவிட்டு, படம் எடுத்து அனுப்பினார். மாடியில் குட்டியின் வாய் ஒரு நேரம் சிரித்தது, ஒரு நேரம் கோணியது, ஒரு நேரம் உதடு சிவந்தது, அரைநாள் மீசையோடு கூட இருந்தது. ஆனால் திறக்கவில்லை. இலையைக் கொண்டுபோய் வைத்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டே அழுத்தியது.

மிச்சம் இருந்தது பொன்னுச்சாமியின் சுவர். எல்லா ஸ்டிக்கரையும் ஒன்றாக ஒட்டினாலும் அந்தச் சுவருக்குக் காணாது.

சென்னியப்பன் போய்க் கேட்டான். "மழை வர்றது தெரிஞ்சும் சொல்லாத ஆட்டுக்கு வாய் எதுக்குடா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அவன் அம்மா போய்க் கேட்டாள், தங்கச்சிக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சுவரைக் கொடுக்க மறுத்தார். கடைசியில் இளவேனில் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கோடையின் உச்சிப் பொழுதில் நடந்தே போனாள், நான் பெயின்ட் டப்பாவோடு பின்னால் போனேன், எங்களுக்குப் பின்னால் ஊரில் வேலையில்லாதவர்கள் எல்லாரும் வந்தார்கள், வேலை இருந்தவர்களும் வந்தார்கள். தோளில் கிடந்த குட்டி கிட்டத்தட்ட வெள்ளையாகி, அதன் வழியாக அவள் துப்பட்டாவின் பூப்போட்ட டிசைன் மங்கலாகத் தெரிந்தது.

பொன்னுச்சாமி அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மணி, நான் கல்லு மனசுக்காரன் இல்லை. ஆனா சொல்றதக் கேளு. சிரிச்ச வாய் வெச்சேன்னு வெய்யி, ரோட்டுல போறவனெல்லாம் என்ன நெனப்பான்? பருப்ப நனைய உட்டுட்டு நிக்கறான், அவன் செவுத்து ஆடே அவனைப் பாத்துச் சிரிக்குதும்பான். அழுகற வாய் வெச்சியானா, அது யாவாரம் பண்ற எடமாட்டவா இருக்கும்? ரெண்டும் வேண்டாஞ்சாமி."

அங்கே நின்றவர்கள் அவரைத் திட்டத் தயாராக இருந்தார்கள். இளவேனில் மட்டும் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள், ஏனென்றால் அவள் இத்தனை நாள் வாய் வைக்காமல் விட்டதற்கும் அவர் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"நானும் அதுக்குப் பயந்துதானுங்க மாமா வெக்காம உட்டேன். அப்பறம் கோடு போட்டேன். கோட்டை வெச்சுக்கிட்டு அது எப்படித் திங்கும்?" என்றாள். "என்னைய நல்லா வரையறான்னு நாலு பேர் சொன்னாங்க. அதுக்காக இது பட்டினி கெடக்குது."

பொன்னுச்சாமியின் ஆடுகள் நாலைந்து தகரக் கொட்டகையின் நிழலில் படுத்துக் கிடந்தன. உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாமல், தாடை ஒரு பக்கமாகவும் இலை இன்னொரு பக்கமாகவும் இழுத்துக்கொண்டு, அசைபோட்டுக்கொண்டிருந்தன. இளவேனில் அவற்றைப் பார்த்தாள். அவர் அவள் பார்ப்பதைப் பார்த்தார்.

"இந்த வாய் சிரிக்குதுங்களா மாமா?"

"இல்லை."

"அழுகுதுங்களா?"

"திங்குது" என்றார் பொன்னுச்சாமி. "ஏணி கொட்டாய்க்குப் பின்னால கெடக்குது, எடுத்துக்க" என்றார்.

குட்டியை நாச்சாத்தாள் மடியில் கிடத்திவிட்டு இளவேனில் ஏணியில் ஏறினாள். அவ்வளவு பெரிய மூஞ்சியில் தாடையைக் கொஞ்சம் ஒருச்சாய்த்து, உதட்டைத் திறந்து, ஓரத்தில் ஒரு கிளுவைக் கொத்து பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்குகிற மாதிரி வரைந்தாள். கடைசி இலைக்கு அவள் பச்சை வைத்தபோது, கீழே மடியில் கிடந்த குட்டியின் தாடை ஒரு பக்கமாக அசைந்தது. யாரும் கொடுக்காமலேயே அதன் வாயில் ஒரு கொத்து இலை இருந்தது. நொறுக் நொறுக்கென்று அது மெல்லுகிற சத்தம் அந்தக் களம் முழுக்கக் கேட்டது, காது நுனியில் நீலம் வந்தது. மென்று முடித்து, தலையைத் தூக்கி, பிறந்ததிலிருந்து அதற்குள் அடைத்துக்கொண்டிருந்ததையெல்லாம் சேர்த்து அது ஒரு கத்து கத்தியது. கத்திவிட்டு நாச்சாத்தாளின் மடியிலிருந்து குதித்துக் கொட்டகைக்குள் ஓடியது.

நாங்கள் சிரித்தோம், கை தட்டினோம், சில பேர் அழுதார்கள். பொன்னுச்சாமி ஒருத்தர்தான் மேற்கே பார்த்தார். எந்தப் போனும் கத்தவில்லை, எந்தக் களத்திலிருந்தும் எவரும் பொத்தான் அமுக்கவில்லை, ஆனால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜென்மத்தில் எங்கள் மென்பொருளைத் தொட மாட்டேன் என்று அன்று மாடியில் சொன்ன மனிதர் போனை எடுத்து, களத்துக்காரர்கள் எல்லாரும் இருக்கிற குழுவில் தொண்டை கிழியக் கத்தினார்.

"குட்டி சொல்லிருச்சு! எல்லாரும் மூடுங்க! குட்டி சொல்லிருச்சுப்பா!"

ரோட்டின் இரண்டு பக்கமும் தார்ப்பாய்கள் விரிகிற சத்தம் கேட்டது. அவருடைய ஆட்களும் ஓடி, இருப்பதிலேயே பெரிய தார்ப்பாயை இழுத்துப் பருப்பை மூடிவிட்டார்கள். முதல் சொட்டு சுவரில் விழுந்தது. வாய்க்கு வைத்த டிஸ்டெம்பர் காயவில்லை. உதட்டு ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு கோடு கீழே இறங்கியது, கொட்டகைக்குள் குட்டி மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தியது, இலை நழுவித் தரையில் விழுந்தது. இளவேனில் ஏணியிலிருந்து இறங்காமல், இரண்டு உள்ளங்கையையும் துப்பட்டாவையும் அந்த வாய்க்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு, "மாமா, மாமா" என்று கூப்பிட்டாள், அவருக்கும் அவளுக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.

"அந்தத் தார்ப்பாயை இழுங்கடா!" என்றார் பொன்னுச்சாமி.

"ஏனுங்க, பருப்பு..."

"பருப்பு காயும். இழு!"

அவரே ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கனத்த தார்ப்பாயைச் சுவரின் உச்சிக்கு ஏற்றி, வாயில் உரசாதபடி தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவரும் சென்னியப்பனும் தேங்காய் உடைக்கிற பெண்களும் சலூன்காரரும் கால்நடை டாக்டரும் நானும் வரிசையாக நின்றோம், மழை எங்கள் முதுகில் கொட்டியது, பின்னால் களத்தில் விரித்துக் கிடந்த பருப்பின் மேல் கொட்டியது, அந்தச் சத்தத்தைக் கேட்டும் அவர் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மழை ஓய்கிறவரை நின்றோம், ஓய்ந்த பிறகும் பெயின்ட் காய்கிறவரை நின்றோம். காலுக்கடியில் என்னவோ இழுக்கிறதே என்று குனிந்து பார்த்தால், நல்ல நீலமாக நின்றுகொண்டு, தார்ப்பாயின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது குட்டி.

ட்ரைகிளவுட் என்ற பேர் எங்கள் மாடிப்படிப் பலகையில் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டோம். இப்போது காலையில் காப்பிக்கு முன்னால் எங்கள் ஊரில் வானத்தைப் பார்க்கிறார்கள், போனைப் பார்க்கிறார்கள், "குட்டி என்ன சொல்லுது?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்கிறார்கள். திட்டத்தான் முடியவில்லை, அது நடுவில் நின்று போனால்கூட "பாவம், பசியா இருக்கும்" என்கிறார்கள், பிழை சொல்லவே ஆள் இல்லாமல் கோடு எழுதுகிற பையன்கள் திண்டாடுகிறார்கள்.

பொன்னுச்சாமியின் பருப்பு அந்தத் தரமும் கறுத்துத்தான் போனது. வெளியூர்க்காரர் எவராவது சுவரைப் பார்த்துவிட்டு, இத்தனை பெரிய ஆட்டை வரைந்து வைத்துக்கொண்டு நீங்களே நனைய விட்டுவிட்டீர்களாமே என்று கேட்டால், அவர் காலடியில் படுத்து அசைபோடுகிற குட்டியின் பெரிய காதைத் தடவிக்கொண்டே சொல்வார்:

"குட்டி சொல்லுச்சுங்க. நாந்தான் மூடலை."